அண்ணன் பெயரில் போன குச்சி

என் அண்ணன் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவனுக்கே அது அடிக்கடி மறந்துபோகும். அவன் மருந்துக்கடைக்காரன். இருபத்திரண்டு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இருமுகிறவர், தும்முகிறவர், பல்வலிக்காரர் என்று வருகிற எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் அட்டையில் நான்கு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறான். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டதே இல்லை. ரெண்டு நாள் போடுங்கள், சரியாகிவிட்டால் நிறுத்திவிடுங்கள் என்பான். தெருவில் அவனுக்குக் ‘கத்தரி’ என்று பெயர். அவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பாராட்டு என்றுதான் நினைத்திருப்பான்.

தனக்கும் அதே வைத்தியம்தான். தும்மினால் ஒன்று, மழையில் நனைந்தால் ஒன்று. எந்த மருந்தையும் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிட்டு முடித்ததாகச் சரித்திரமே கிடையாது.

அந்தக் கடையின் மூலையில் இருக்கும் சின்ன மேசை என்னுடையது. லேபுக்குப் போகிற ரத்தம், சளி எல்லாவற்றையும் நான்தான் எடுப்பேன். குழாயில் பெயர் எழுதி லேபிள் ஒட்டி வைப்பேன், சாயங்காலம் லேப் ஆள் வந்து பெட்டியை எடுத்துப் போவார்.

நாற்பத்தாறு வயதில் அண்ணனை மருந்துக்கடைக்காரர் சங்கத்துச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு யாரும் போட்டிக்கு நிற்கவில்லை. சங்க மலரில் படம் வந்தது. பக்கவாட்டில் எடுத்த படம், அதில் அண்ணனின் மூக்கு பொருளாளரின் முகத்தைப் பாதி மறைத்திருந்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பதவியேற்பு விழாவுக்குள் மூக்கை மாற்றியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். இந்த மூக்கைப் பார்த்துத்தானே நான் கழுத்தை நீட்டினேன், எனக்கில்லாத வெட்கம் உங்களுக்கு எதற்கு என்று அண்ணி கேட்டாள். அவன் காதில் வாங்கவில்லை.

ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா முதலில் மூக்குக்குள் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதனை செய்யச் சொன்னார். நான்தான் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. அண்ணன் மூக்கில் ஒரு கிருமி வாடகை தராமல் குடியிருந்தது. சும்மா இருக்கும்வரை அவனை ஒன்றும் செய்யாது, கத்தி பட்ட இடத்தில் இறங்கினால் மூக்கையே தின்றுவிடும். கீழே மருந்துகளின் பட்டியல். எங்கள் அலமாரியில் இருக்கிற அத்தனை ஆன்டிபயாடிக்குக்கும் எதிரே ‘கேட்காது’ என்று போட்டிருந்தது. உடம்புக்குள் இறங்கிவிட்டால் கேட்கிற மருந்து இரண்டே இரண்டு, அதுவும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸில் ஏற்றுவது.

ஐந்து நாள் இரண்டு வேளையும் மூக்குக்குள் களிம்பு போடவேண்டும், மருந்து சோப்பில் குளிக்கவேண்டும், மறுபடி சோதனையில் கிருமி இல்லை என்று வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். எனக்கே மருந்து சொல்லித்தருகிறார்களா என்று முணுமுணுத்தபடி இரண்டு நாள் போட்டான். மூன்றாம் நாள் களிம்பு எரிகிறது என்று தூக்கிப்போட்டான்.

மறுசோதனை நாளன்று மத்தியானம், கடையில் ஆள் இல்லாதபோது என் மேசைக்கு வந்தான். புதுக் குச்சியை என் கையில் கொடுத்தான்.

“உன் மூக்குல எடு. என் பேரைப் போட்டு அனுப்பிடு.”

“விளையாடுறியாண்ணா? கிருமி உள்ளேயே இருந்தா என்ன ஆகும் தெரியுமா?”

“எல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஆபரேஷன் தேதி போச்சுன்னா அடுத்தது மூணு மாசம் கழிச்சுத்தான். அப்ப விழாவே முடிஞ்சிருக்கும்.”

மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னாலேயே வந்து கெஞ்சினான், பல்லைக் காட்டினான். எனக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இந்த முட்டாளுக்காக நான் ஏன் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தவேண்டும், பட்டுத்தான் தெரியட்டுமே என்று தோன்றியது. குச்சியை என் மூக்கில் விட்டுச் சுழற்றினேன். குழாயில் போட்டு, அவன் பெயரை எழுதி ஒட்டினேன்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. ஆபரேஷனும் நடந்தது. ஒரு வாரம் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை, கட்டுப் போட்ட முகத்தோடு கடைக்கு வந்து நின்று வருகிறவரிடமெல்லாம் கதை அளந்தான். ஒன்பதாம் நாள் மூக்கு சிவந்து வீங்கியது. டாக்டரம்மாவிடம் போகாமல், அலமாரியிலிருந்து தானே நான்கு விதமான மாத்திரைகளை எடுத்து மாற்றி மாற்றி விழுங்கினான். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் கொதித்தது, மூக்குக் கட்டை நனைத்துச் சீழ் வழிந்தது. அண்ணியும் நானும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே குருத்தெலும்பு கரைந்துவிட்டது, இனி மூக்கின் நடுப்பகுதி பள்ளமாகத்தான் இருக்கும் என்றார்கள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டாவது சோதனை எப்படிச் சுத்தமாக வந்தது என்று கேட்டார். அது என் மூக்கு என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. ஃபைலைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வார்டுக்குள் போனேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, அடைத்த குரலில் சொன்னான்.

“நான் கேட்டா என்ன, நீ முடியாதுன்னு சொல்லியிருக்கணும்.”

வாழ்நாள் முழுக்க வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவன். இந்த ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, துளித்துளியாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.