டூ டைமன் என்றால் ஹார்ட்டின்

மகள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். வாளிச் சத்தம் கேட்கிறவரை எழுதுகிறேன். நின்றுவிட்டால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். "என்னப்பா?" என்கிறாள். ஒன்றுமில்லை என்று இறங்கி வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான்.

நான் நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவன். ஞாயிறு மதியம் கிளப்பில் பிரிட்ஜ் ஆடுவேன். என் ஜோடி, எங்கள் ஊர் மிராசுதார். என் அப்பாவும் அம்மாவும் நட்டதும் அறுத்ததும் அவர் வீட்டு வயலில். என் அண்ணன் இப்போதும் அங்கேதான் அறுக்கிறார். அண்ணன் அவரை "ஐயா" என்பார். நான் "சார்" என்பேன். அவரும் என்னை "சார்" என்பார். மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பிரிட்ஜில் பேச்சே ஏலம்தான். எந்தச் சீட்டைத் துருப்பாக்கி எத்தனை பிடி எடுப்போம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கண்ணைக் காட்டக் கூடாது, கனைக்கக் கூடாது. அதனால் ஜோடிகள் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்கூட்டியே ஒரு பொருள் வைத்துக்கொள்வார்கள். எதிராளி "ஒன் ஸ்பேட்" என்று ஆரம்பிக்கிறான். அதன் மேலேயே என் ஜோடி "ஒன் நோ ட்ரம்ப்" என்கிறார். என் கை பலமானது, அவன் ஸ்பேடையும் தடுப்பேன் என்று அர்த்தம். அப்போது நான் "டூ டைமன்" என்றால் என்னிடம் டைமன் இருக்கிறது என்பதல்ல. ஹார்ட்டின் ஐந்து இருக்கிறது, நீங்கள் ஹார்ட்டின் சொல்லுங்கள் என்று பொருள். அவர் யோசிக்காமல் "டூ ஹார்ட்டின்" சொல்லிவிட வேண்டும். துருப்பை முதலில் சொன்னவரே ஆடுவார், அவர் ஜோடி சீட்டை மேஜையில் விரித்துவிட வேண்டும்; இப்படிச் சொன்னால் பலமான கை மறைந்திருந்து ஆடும்.

எதிராளி முந்திக்கொண்டால் இந்த ஏற்பாடெல்லாம் ரத்து, டைமன் என்றால் டைமனே என்று வைத்துக்கொள்கிற ஜோடிகளும் உண்டு. மிராசுதார் அதற்குச் சம்மதிக்கவில்லை. "எவன் முதல்ல வாயைத் திறந்தாலும் நம்ம பேச்சு மாறக் கூடாது சார்" என்றார். எத்தனையோ வருஷமாக ஆடுகிறோம். ஒரு தடவைகூட அவர் மறந்ததில்லை.

அந்த வருஷம் அறுப்புக் கூலியில் தகராறு. புது ஆட்சி கூலியை நிர்ணயித்துச் சட்டம் போட்டிருந்தது. அது களத்துமேட்டுக்கு வந்து சேரவில்லை. ஊரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு செங்கொடி கட்டியிருந்தார்கள். நர்ஸிங் படிக்கிற என் மகள் விடுமுறைக்கு வந்தவள், பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். எனக்குத் தயக்கம். அந்த வாரம், மகள் பேச்சை எடுக்காமல், ஊர் நிலவரத்தை மட்டும் மிராசுதாரிடம் கேட்டேன். "பேச்சு முடிஞ்ச மாதிரிதான் சார்" என்றார். சனிக்கிழமை அனுப்பிவைத்தேன்.

ஞாயிறு நாங்கள் ஆடியது ஒரு வக்கீலோடும் அவருடைய மைத்துனரோடும். நடுவில் மிராசுதாரின் காரியஸ்தர் உள்ளே வந்து, குனிந்து அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றார். சீட்டு போட்டார்கள். வக்கீல் "ஒன் ஸ்பேட்" என்றார். மிராசுதார் "ஒன் நோ ட்ரம்ப்." மைத்துனர் பாஸ். என் கையில் ஹார்ட்டின் ஐந்து, டைமன் இரண்டே இரண்டு. "டூ டைமன்" என்றேன். வக்கீல் பாஸ்.

மிராசுதாரும் "பாஸ்" என்றார்.

மைத்துனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாஸ் சொன்னார். இரண்டு டைமனை வைத்துக்கொண்டு டைமனைத் துருப்பாக்கி நான் ஆட வேண்டும். வக்கீல் சீட்டை இறக்க, மிராசுதார் தன் கையை மேஜையில் விரித்தார். ஹார்ட்டின் ராஜா, ராணி எல்லாம் அதில் இருந்தன.

"வாத்தியாருக்கு டைமன் மேல இவ்வளவு ஆசைன்னு தெரியாமப் போச்சே மச்சான்" என்றார் மைத்துனர்.

"சும்மா இருங்க மாப்ளே. மனுஷர் அழுதுடப்போறார்" என்றார் வக்கீல்.

இந்த மனிதருக்கு மறதி வராது. நான் சொன்னது காதிலேயே விழவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தேன். யாருடைய சீட்டையோ பார்ப்பதுபோல் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. ஆடுங்க."

"என் பொண்ணு அங்க இருக்கு."

அவருக்கு அது தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். "எப்பப் போச்சு?"

"நேத்து."

சிரித்துக்கொண்டிருந்த இருவரும் அடங்கினார்கள். மிராசுதார் மெதுவாகச் சொன்னார்: "காலையில அறுப்புக்கு வெளியூர் ஆளை லாரியில இறக்கினோம். வயல்ல அடிதடி ஆயிருக்கு. வைக்கப்போர் எரியுதாம். தெருப்பக்கம் எதுவும் போகலன்னுதான் சொல்றான்."

ஆட்களைக் குடிசையோடு கொளுத்திய இந்த ஜில்லாவில் தெரு என்ற சொல்லும் எரிவது என்ற சொல்லும் ஒன்றாகக் காதில் விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். நான் எழுந்தேன்.

"பஸ்ஸை நிறுத்திட்டாங்க சார். என் கார்ல போங்க."

அந்தக் காரை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதில் போய் இறங்கினால் எனக்கு என்ன ஆகும், என்னால் அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. வேறு வழியும் இல்லை. ஏறினேன். மதகுக்கிட்டேயே நிறுத்தச் சொல்லி வாய்க்கால் கரையோடு ஓடினேன். அறுத்தது பாதி, நின்றது பாதியாக வயல் கிடந்தது. புகை நாற்றம். தெருமுனையில் அரிவாளோடு நின்றவர்கள் என்னை அடையாளம் கண்டு வழிவிட்டார்கள்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரைப் படுக்கவைத்திருந்தார்கள். என் மகள் ஒரு பெண்ணின் தலையில் துணியை மடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் கை முழங்கைவரை சிவப்பு. அவளுடைய ரத்தமில்லை என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

"கிளம்பும்மா" என்றேன்.

"எதுலப்பா வந்தீங்க? பஸ்தான் இல்லையே."

"மதகுக்கிட்ட கார் நிக்குது."

யார் கார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு" என்றாள் மகள். "இந்த அக்காவுக்குத் தையல் போடணும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

"அவன் கார்லயா?" என்றாள் அந்தப் பெண், கண்ணைத் திறக்காமல். "நான் இங்கயே கிடக்கேன் பாப்பா."

"சீட்டுல ரத்தம் படட்டும்க்கா. அவங்களே கழுவட்டும்."

படுத்திருந்த ஒருவர் வலியோடு சிரித்தார். நாலு பேர் கட்டிலோடு தூக்கினார்கள். "நீயும் வா" என்று மகளின் தோளைப் பிடித்தேன். "இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களேப்பா" என்றாள். கெஞ்சினேன். அண்ணன் முன்னால், ஊர் முன்னால் கெஞ்சினேன். அவள் கூடவே மதகுவரை வந்து, அந்தப் பெண்ணின் தலையை என் மடியில் வைத்து, என் கையை எடுத்துத் துணிமேல் வைத்தாள்.

"அழுத்திப் பிடிங்க. ஆஸ்பத்திரி போறவரைக்கும் கையை எடுக்கவே கூடாது. அசையாதீங்க."

கார் கிளம்பியது. கைக்கடியில் சூடாக ஊறிக்கொண்டே இருந்தது. அவள் மதகிலேயே நிற்கிறாளா, தெருவுக்குத் திரும்பிவிட்டாளா என்று பார்க்க வேண்டும். அதற்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் கை நகர்ந்துவிடும்.