தரைப்பாலத்துக்கு முன் நின்ற வண்டி

கோவிந்தாபுரம் பேருந்தின் ஓட்டுநர் அவர்; பெயர் தெரியாது. கடைசி ஆள் உட்காரும்வரை வண்டியை எடுக்கமாட்டார் என்பதால், தினமும் எங்களிடம் வசவு வாங்குவார்.

கோடை இடிமழை கொட்டித் தீர்த்த ஒரு மாலையில், தரைப்பாலத்தின் மேல் செம்மண் நீர் முழங்காலளவு ஓடியது. வண்டியை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இந்தத் தண்ணிக்குப் பயந்தா எதுக்குங்க வண்டி ஓட்டறீங்க?" என்று நான்தான் முதலில் கத்தினேன்.

அவருடைய நரைத்த மீசை துடித்தது. "போன கோடையில இதே தண்ணிதானுங்க எம்பட தம்பியைப் பைக்கோட இழுத்துட்டுப் போச்சு. மூணாம் நாள்தான் கெடச்சான். நான் எடுக்கமாட்டனுங்க!"

வெள்ளம் வடிந்தபோது பாலத்தின் நடுப்பகுதியைக் காணோம். வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"எங்கிட்டக் கத்துனதை, பாலத்தை ஒசத்திக் கட்டாதவங்ககிட்டப் போய்க் கத்துங்க" என்றார்.

இன்றுவரை நான் போகவில்லை.