கடைசியில்தான் பேனா

பென்சில் சீவிக்கொண்டிருக்கிறார் மேடம். இன்றைக்கு இது மூன்றாவது. சீவலை மேசையில் சிந்தவிடாமல் ஒரு காகிதத்தில் பிடித்து, மடித்துக் கூடையில் போட்டுவிட்டு, "வரச் சொல்லுங்க" என்கிறார். நீதிமன்றத்தின் பின்பக்கக் கட்டடத்தில் இருக்கும் சமரச மையத்தில் மேடம்தான் சமரசர். நான் மூலையில் உட்கார்ந்து, பேசி முடித்ததைத் தட்டச்சு செய்கிறவன். முடியாத நாட்களில் எனக்கு வேலை மிச்சம். இருந்தும் முடியட்டும் என்றே மனதார வேண்டிக்கொள்வேன்.

பேச்சு நடக்கும்போது மேடம் பேனாவைத் தொடமாட்டார். "பேனாவப் பார்த்தா ஆளுங்க கூண்டுல நிக்கிற மாதிரி பேசறாங்க. பென்சில்னா அழிச்சுக்கலாம்னு ஒரு தைரியம்." பேனா கைப்பையின் உள்ஜிப்பில் இருக்கும், கையெழுத்துக்குத்தான் வெளியே வரும். சில வாரம் வராமலே போவதும் உண்டு. அறையில் ஆடுகிற நாற்காலி ஒன்று இருக்கிறது. அதில் அவரே உட்காருவார். "வர்றவங்க ஏற்கெனவே ஆடிப்போய்தான் வர்றாங்க" என்பது காரணம்.

பழைய வக்கீல்களுக்கு இதெல்லாம் இன்னும் நம்பமுடியாத சங்கதி. இருபத்திரண்டு வருடம் வழக்காடியவர் மேடம். குறுக்கு விசாரணையில் சாட்சிகளை உண்டு இல்லை என்று ஆக்கியதால் 'கத்தரி' என்று பட்டப்பெயர். இப்போது அதே வாய் மணிக்கணக்கில் மூடியிருக்கிறது. "கேஸ்ல ஜெயிச்சவன் நிம்மதியா வீட்டுக்குப் போய் நான் பார்த்ததில்ல. அதான் இங்க வந்துட்டேன்." மதியம் சாப்பாடு கொண்டுவரும் கணவர் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. "வீட்ல இன்னும் கத்தரிதான்" என்பார். மேடம் அதை மறுத்து நான் கேட்டதில்லை.

போன வாரம் ஒரு அண்ணன் தம்பி வழக்கு. இங்கே பேசுவது வெளியே போகக் கூடாது. இருவரும் சம்மதித்ததால் எழுதுகிறேன். கீழ்வீடு அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு. மாடிப்படி அண்ணனுடைய ஹாலுக்குள்ளிருந்து ஏறுகிறது. அந்தக் கதவை அண்ணன் பூட்டிவிட்டார். ஆறு வருடமாகத் தம்பி குடும்பம் பின்பக்கம் வைத்த இரும்புப் படியில்தான் ஏறி இறங்குகிறது. மழையில் வழுக்கி, தம்பி மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்றைக்குப் பேசி முடியாவிட்டால் மறுநாள் விசாரணை. அண்ணனுக்கு எதிராகத் தம்பி கூண்டேற வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் நல்லது கெட்டதுக்குக்கூட முகம் பார்க்கப்போவதில்லை.

முதலில் அண்ணனைத் தனியாக உட்காரவைத்தார். அவர் அரைமணி நேரம் சட்டம் பேசினார். மேடம் பென்சிலை உருட்டிக்கொண்டு கேட்டார். சட்டம் தீர்ந்ததும் அண்ணன் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்: "பூட்டறதுக்கு முன்னாடி தினம் என் ஹால் வழியாத்தான் போவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். நான் என்ன தூணா?"

"இதை அவர்கிட்ட சொல்லலாமா?"

"சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடத்துக்கு வரவில்லை. "பின்னே யார் சொன்னாங்கன்னு சொல்றது? நீங்களே சொல்லிடுங்க" என்று தம்பியை உள்ளே அழைத்தார்.

அண்ணன் அதே வார்த்தைகளை அதே மின்விசிறியிடம் சொன்னார். தம்பி தரையைப் பார்த்தபடி நின்றார். "பேசினா சண்டை வந்துரும்னுதாண்ணே பேசாம போனேன்."

சண்டைக்குப் பயந்து பேசாமல் போனதிலேயே ஆறு வருடம் சண்டை நடந்திருக்கிறது.

மேடம் பென்சிலில் உடன்பாட்டை எழுதினார்: படிக்கதவு திறந்திருக்கும். இரு தரப்பு வக்கீல்களும் நேரம் குறிக்கச் சொன்னார்கள். 'காலை ஆறு முதல் இரவு பத்து வரை' என்று சேர்த்தார். அண்ணன் காகிதத்தை வாங்கிப் படித்தார். மேசையிலிருந்த ரப்பரை எடுத்து நேரத்தை மட்டும் அழித்தார்.

"தம்பி வீட்டுக்கு வர்றதுக்கு என்னங்க டைம்டேபிள்" என்றார்.

மேடம் ரப்பர்த் துகளை ஊதிவிட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளி, கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்தார்.