தோள் அளவு கொடுத்தவர்

தையல்காரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டது தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவளைப் பார்த்துக்கொள்ள, அவள் தங்கை என்னை வைத்தாள். நோயாளிகளைப் புரட்டிப் புரட்டியே எனக்கு எழுபது வயதாகிவிட்டது. அவளுக்கு அறுபத்திரண்டு.

முதல் நாளே கேட்டாள், "அக்கா, ஓட்டுப் போடப் போயிடுவேனா?"

"முதல்ல கக்கூஸ் வரைக்கும் நட. அப்புறம் நாட்டைக் காப்பாத்தலாம்."

வாக்கரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். யாருக்காக இந்தப் பாடு என்று விசாரித்தால், பழைய கவுன்சிலருக்காம். போடாத ரோட்டைப் போட்டதாகக் காட்டி, வழக்கில் மாட்டி, போன தேர்தலில் தோற்ற ஆள்.

அவள் பிழைப்பெல்லாம் வீட்டின் முன்னறையில்தான். ஒரு மெஷின், ஒரு வெட்டும் மேஜை. புருஷன் சீக்கிரமே போய்விட்டான். கப்பல் வேலைக்குப் போன ஒரே மகன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவன், கப்பலுக்குத் திரும்பவில்லை. பதினோரு வருஷமாகத் தகவல் இல்லை. வருஷத்துக்கு ஒரு சட்டை அவனுக்குத் தைத்துப் பீரோவில் மடித்து வைக்கிறாள்.

"அளவு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கவுன்சிலர் கொடுத்தாரு. மனு கொடுக்கப் போனப்ப, 'உங்க பையன் வயசுதாம்மா எனக்கும்'னாரு. உடம்பும் அதே வாகு. வருஷா வருஷம் கையைத் தூக்கிட்டு நிப்பாரு. ஆபீஸே சிரிக்கும். 'தொப்பையை மட்டும் கழிச்சுக்கங்கம்மா, அது என்னோடது'ம்பாரு. அவரு தோத்ததுலேர்ந்து பழைய அளவுலேயே தைக்கிறேன்."

"பையனைத் தேட ஏதாச்சும் செஞ்சாரா?"

"கடிதம் போட்டிருக்கேன்னாரு."

"இப்ப இருக்கிறவரு?"

"ரொம்ப நல்லவரு. ஒரு டீ கூட வாங்கிக்க மாட்டாரு. ஃபைலைத் தேடி எடுத்துப் பாத்துட்டு, 'ஒரு கடிதம்கூடப் போகலைம்மா. இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்க, நானே வாங்கித் தர்றேன்'னாரு."

நான் அவளுக்கு மருந்து ஊசியைப் போட்டுவிட்டுக் கேட்டேன், "பழைய ஆளு திருடன்னு தெரியும்ல?"

"தெரியாம என்ன? அந்த ரோடு எங்க தெருவுலதானே இல்ல."

வாக்குப்பதிவு நாளில் அந்த இல்லாத ரோட்டில்தான் சக்கர நாற்காலியைத் தள்ளினேன். பள்ளத்துக்குப் பள்ளம் அவள் முனகினாள். நான் பழைய கவுன்சிலரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாவடிக்குத் திரும்பும் முனையில் அவரே கைகூப்பி நின்றிருந்தார். இவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கம்மா வாங்க! கால்ல என்ன? பொண்ணு எப்படி இருக்கா? கல்யாணம் ஆயிடுச்சா?"

திட்டுவதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் மணிக்கட்டை அழுத்தினாள்.

"நல்லா இருக்காப்பா," என்றாள்.

சாவடி வாசலில் நாற்காலியை நிறுத்தினேன். "சுத்தமா மறந்துட்டான்டி. இதுக்கா இத்தனை வலி? வீட்டுக்குப் போயிடலாமா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எம் பிள்ளையைப் பத்தி இப்ப யாரு கேக்கறாக்கா? தங்கச்சிகூட பேச்சை மாத்திடுறா. இவரு ஜெயிச்சா, திங்கக்கிழமை மனு நாள்ல போய் உக்காந்து ஞாபகப்படுத்துவேன். 'தேடிட்டிருக்கோம்மா'ம்பாரு."

"பொய் சொல்வான்."

"சொல்லட்டும். நீங்க தள்ளுங்க."

வரிசையில் நின்ற இருவர் நாற்காலியோடு அவளைப் படியேற்றினார்கள். போட்டுவிட்டு வந்தாள். என் ஓட்டு அவருக்கில்லை. ஆனாலும் ஜெயித்தார்.

அடுத்த திங்கட்கிழமை வலி மாத்திரையை முன்கூட்டியே கேட்டு வாங்கி விழுங்கினாள். புறப்படும்போது நான் சொன்னேன், "உள்ளே போனதும் முதல்லயே பையன்னு சொல்லிடு."