பவர் சேவரும் ஆரோக்கியம் அண்ணனும்

சூடான இரும்போட வாசனை தெரியுமா உங்களுக்கு? பட்டறைப் பக்கம் போறப்ப மூக்குல சுருக்குன்னு ஏறுமே, அதேதான். என் முதல் வேலைல அந்த வாசனை துப்பட்டாவுல ஒட்டிக்கிட்டு ஸ்ரீரங்கம் வரைக்கும் பஸ்ல கூடவே வரும். பக்கத்து சீட்டு மாமி லேசா நகர்ந்து உக்காருவாங்க. எனக்கோ ஒரே பெருமை... நான் வேலைக்குப் போறேனாக்கும்!

அரியமங்கலம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு சின்ன ஷெட். அதுல ஒரு பிளாஸ்மா கட்டிங் மெஷின். கம்ப்யூட்டர்ல ட்ராயிங் போட்டுக் கொடுத்தா இரும்பு பிளேட்டை அதே மாதிரி வெட்டித் தள்ளும். ஒரே கண்டிஷன், வெட்டி முடியற வரைக்கும் கம்ப்யூட்டர் முழிச்சிருக்கணும். நடுவுல அது தூங்கிட்டா எங்க விட்டோம்ங்கிறதே மெஷினுக்கு மறந்துடும். பிளேட் காலி.

அது தூங்குச்சுங்க!

சேர்ந்த புதுசுலயே ஒரு பிளேட் போச்சு. செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா 'பவர் சேவர்'னு இருக்கு. அதை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்'க்கு மாத்தி, ஸ்லீப்புக்கு 'நெவர்'னு போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போனேன். அந்த நம்பிக்கைல மறுநாள் இன்னொரு பிளேட்டை ஏத்தினேன்... அதுவும் போச்சு! பார்த்தா மறுபடியும் பவர் சேவர்!

முதலாளி கத்தல. "இன்னொரு பிளேட் போச்சுன்னா நாளைலேர்ந்து வர வேணாம்மா"ன்னு அமைதியா சொல்லிட்டாரு. நானோ வேலை கிடைச்சதைத் தெரு பூரா தம்பட்டம் அடிச்சு வச்சிருக்கேன். இப்ப அது போச்சுன்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வெளில போறது?

அதுலேர்ந்து காலைல வந்ததும் முதல் வேலை செட்டிங்கை மாத்துறதுதான். மறுநாள் வந்தா பழைய குருடி கதவைத் திறடி கதையா பவர் சேவர் உக்காந்திருக்கும். புத்தூர்ல கடை வச்சிருந்த சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டா, எது சொன்னாலும் அவன்கிட்ட ஒரே பதில்தான்... "ஃபார்மேட் அடிச்சுடலாம் மேடம்." அடிச்சான். ஒரு வாரத்துல திரும்ப வந்து இன்னொரு தடவையும் அடிச்சான். அப்பவும் பவர் சேவர் திரும்பத் திரும்ப வந்துச்சு. முதலாளி கண் திருஷ்டின்னு சொல்லி சிபியூவுக்கு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாரு!

செகண்ட் ஷிப்ட்ல ஆரோக்கியம்னு ஒரு அண்ணன். பொன்மலைலேர்ந்து வருவாரு. நான் பஸ்ஸைப் பிடிக்கப் போனப்புறம்தான் அவர் வண்டி உள்ள வரும், அதனால பார்த்ததே இல்ல. அவர் மாத்துவாரோன்னு ஒரு தடவை கேட்டேன். "அட போம்மா, அவருக்கு ஸ்டார்ட் பட்டனைத் தவிர ஒண்ணும் தெரியாது"ன்னுட்டாரு முதலாளி. நானும் விட்டுட்டேன்.

அப்பதான் ஒரு அவசர ஆர்டர். பெரிய பிளேட்டு, அன்னைக்கு சாயங்காலமே போயாகணும். என் ஷிப்ட்ல ஆரம்பிச்சா அடுத்த ஷிப்ட்லதான் வெட்டி முடியும். இதை விட்டுட்டுப் போக எனக்கு மனசே வரல. பஸ் போனாப் போகட்டும்னு மெஷின் பக்கத்துலயே நின்னேன்.

ஆரோக்கியம் அண்ணன் உள்ள வந்தாரு. சிலுவை போட்டுக்கிட்டாரு. நேரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, கண்ட்ரோல் பேனலைத் திறந்து... பவர் சேவர்ல க்ளிக்!

"அய்யய்யோ! என்னண்ணா பண்றீங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல டீ கொண்டு வந்தவரே நின்னுட்டாரு.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "நீங்கதானா மேடம் அது? நான் டெய்லி சேவர் போட்டுட்டுப் போறேன், மறுநாள் வந்தா தானா மாறிக்கிடக்கு. காலைல வர்ற பொண்ணு ட்ராயிங் மட்டும்தான் போடும்னு சார் சொன்னாரு. வைரஸ்னு நினைச்சு அந்தத் தம்பியை ரெண்டாவது தடவை ஃபார்மேட் அடிக்கச் சொன்னதே நான்தான்!"

"சேவர் எதுக்குண்ணா? பதினஞ்சு நிமிஷத்துல தூங்கிடுமே!"

"தூங்காம இருக்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மவுஸை ஆட்டிடுவேன் மேடம். மதியத்துக்கு மேல இங்க கரண்ட்டு போகும். சேவர்னா ரெண்டு நிமிஷத்துல ஸ்கிரீன் தானா அணைஞ்சுடும். இந்த குண்டு மானிட்டர் எரிஞ்சுக்கிட்டே இருந்தா யூபிஎஸ் தாங்காது, கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடும். அப்ப மட்டும் பிளேட்டு போகாதா?"

பிளேட்டைக் காப்பாத்தத்தான் நான் மாத்தினேன். அவரும் அதுக்குத்தான் மாத்தியிருக்காரு!

ஆனாலும் தூங்கிடுமோங்கிற பயத்துல அவசரமா திரும்ப ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டேன். கொஞ்ச நேரத்துல... டப்புனு கரண்ட் போச்சு. மெஷின் நின்னுடுச்சு. யூபிஎஸ் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுடுச்சு. பிளேட் இன்னும் பாதிகூட ஆகல.

"மானிட்டரை ஆஃப் பண்ணுங்கண்ணா!"

நான் சொல்லி முடிக்கல, அவர் விரல் அந்தப் பட்டன் மேல இருக்கு. தினமும் செட்டிங்ஸுக்குள்ள பூந்து பூந்து மாத்தின எங்க ரெண்டு பேருக்கும், மூஞ்சிக்கு நேரா இருந்த பட்டன் அதுவரைக்கும் கண்ணுல படவே இல்ல பாருங்க! ஸ்கிரீன் இருட்டாயிடுச்சு, உள்ள கம்ப்யூட்டர் மட்டும் ஓடுது. ரெண்டு பேரும் மூச்சு விடாம நின்னோம். சாமி எல்லாத்தையும் கூப்பிட்டாச்சு, அவர் பக்கத்துலேர்ந்தும் என் பக்கத்துலேர்ந்தும்.

கரண்ட் வந்துச்சு! விட்ட இடத்துலேர்ந்து மெஷின் பொறி பறக்க வெட்ட ஆரம்பிச்சுது! நான் குதிச்ச குதியில செருப்பு ஒரு பக்கம் போயிடுச்சு. ஆரோக்கியம் அண்ணன் விசிலே அடிச்சுட்டாரு.

சாயங்காலம் முதலாளி வந்து வெட்டின பீஸை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாரு. "நாளைக்கு சீக்கிரம் வந்துடும்மா"ன்னு மட்டும் சொன்னாரு. அன்னைக்கு பஸ்ல எனக்கு சீட்டே கிடைக்கல, ஆனா கால் வலிக்கவும் இல்ல.

இப்ப வீட்லேர்ந்தே வேலை. கம்பெனி லேப்டாப். போன வாரம் இதுலயும் ஸ்லீப்புக்கு நெவர்னு போட்டேன், மறுநாள் தானா மாறிடுச்சு. திரும்பப் போட்டேன், திரும்பவும் மாறிடுச்சு. ஐடி டீமுக்குப் புகார் டிக்கெட் போட்டா 'கம்பெனி பாலிசி, மாத்த முடியாது'ன்னு ஒரு மெயில் வருது, கீழ ஆள் பேரே இல்ல. நியாயமான காரணம் ஏதாவது இருக்கும், இல்லைன்னு சொல்லல.

ஆனா அன்னைக்கு மாத்தினவரைப் பார்த்து "என்னண்ணா பண்றீங்க"ன்னு கத்தினேன், அவரும் திரும்பி ஏன்னு சொன்னாரு. இப்ப நான் யாரைப் பார்த்துங்க கத்துறது?