ரஷீதா சொன்ன ‘யெஸ்’

ரஷீதா ஆங்கிலம் கற்றது டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில். கடையநல்லூரிலிருந்து முகம்மது யூசுப்பைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்தபோது அந்த மொழியில் தன் பெயரை எழுத மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மகள் ஹனீன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்தக் கடையில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தாள்.

தண்ணீருக்கு மட்டும் அங்கே எத்தனை பேச்சு! சீனக் கிழவர்களுக்கு ‘வார்ம் வாட்டர்’ வேண்டும். ஆபீஸ்காரர்களுக்கு ‘ஐஸ் வாட்டர்’. வெள்ளைக்காரர் ஒருவர் ‘ஸ்டில் வாட்டர்’ என்று கேட்டபோது அவள் திருதிருவென்று விழித்தாள். கல்லாவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “சோடா இல்லாத தண்ணிதான், கொண்டுபோய்க் குடு” என்றார். பெரிய மேசைகளில் உட்காருகிறவர்கள் கையை நீட்டி ஏதோ சொல்வார்கள், அதில் ‘பாஸ்’, ‘வாட்டர்’ என்ற இரண்டு சொல் அவள் காதில் விழும். அடுத்தவர் ஜக்கை எடுத்துக் கொடுப்பார். சொற்களுக்கு இடையில் ஓடுகிற சின்ன ஒலிகள் அவள் காதில் தங்குவதில்லை. தங்காததால் அவள் வேலை ஒருநாளும் கெட்டதுமில்லை.

யூசுப் சரக்கு லாரி ஓட்டினார். பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. அறுபதை நெருங்கும் வயதில் அடிவயிற்றில் குடல் இறங்கியிருக்கிறது என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று மருத்துவர் சொன்னார். எப்போதும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து பேசுகிறவள் ஹனீன். ஆபரேஷன் அன்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. “சின்னதுதானம்மா. ஏதாச்சும்னா போன் போடுங்க லா” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மயக்க மருந்தின் அசதியில் யூசுப் கண்ணை மூடிக் கிடந்தார். உதடு உலர்ந்திருக்கிறதென்று ரஷீதா அவரைத் தூக்கிப் பிடித்து இரண்டு தடவை தண்ணீர் கொடுத்தாள். சற்று நேரத்தில் இளம் நர்ஸ் ஒருத்தி வந்தாள்.

“ஆன்ட்டி, அங்கிள் பாஸ் வாட்டர் ஆல்ரெடி?”

ரஷீதாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று. காலையிலிருந்து அந்த வார்டில் பேசப்பட்டவற்றில் முழுதாகப் புரிந்த கேள்வி அது ஒன்றுதான். “யெஸ், யெஸ். டூ டைம்!” என்றாள். நர்ஸ் சிரித்தாள், குறித்துக்கொண்டாள். சாயங்காலம் டாக்ஸி பிடித்து ஈசூனிலிருந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் யூசுப் கழிப்பறைக்குப் போவதும் வெறுமனே திரும்புவதுமாக இருந்தார். “ஒன்னுக்கு வரமாட்டேங்குது” என்றார். “தண்ணி பத்தல. குடிங்க, வந்துரும்” என்று ரஷீதா பார்லி காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தாள். மகளுக்குச் சொல்லலாமா என்றதற்கு அவர் கையை அசைத்துத் தடுத்தார். பெண்பிள்ளையிடம் இதையா சொல்வது என்று அவருக்குக் கூச்சம். மறுநாள் வயிறு கல்லாக இறுகி, அவர் முனகத் தொடங்கிய பிறகுதான் ஹனீனைக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது.

சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிந்து வலுவிழந்துவிட்டது, இனி அது தானாகச் சுருங்குவது சந்தேகம் என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்கு அனுப்புமுன் கேட்டார்களே, மனைவி ஆமாம் என்று சொல்லியிருக்கிறாரே என்றும் சொன்னார். ஹனீன் அம்மாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தாள்.

“அத்தா ஒன்னுக்குப் போனாங்களான்னு நர்ஸ் கேட்டிருக்கா. ஏம்மா யெஸ்னு சொன்னீங்க?”

“அப்படி யாரும் எங்கிட்ட கேக்கலியே!”

“கேட்டிருக்காங்கம்மா. ரெக்கார்ட்ல இருக்கு. புரியலன்னா புரியலன்னு சொல்லணும் லா. எல்லாத்துக்கும் யெஸ், யெஸ்னு தலையாட்டிட்டு…”

ரஷீதா அந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அப்படியொரு கேள்வி அவள் நினைவில் எங்கேயும் இல்லை.

யூசுப் சிறுநீர் வடியும் குழாயும் பையுமாக வீடு திரும்பினார். லாரிச் சாவியைக் கம்பெனியில் ஒப்படைத்தார். சட்டைக்கு மேல் கைலியை உயர்த்திக் கட்டிப் பையை மறைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பள்ளிவாசலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஒருநாள் பையை மாற்றிக்கொண்டிருந்த ரஷீதாவின் தலையில் கைவைத்து, “வீட்டுக்குப் போகணும்னு அவசரப்பட்டு யெஸ்னு சொல்லிட்டே. யாருக்கும் வர்றதுதான், விடு” என்றார். இல்லை என்று சொல்ல அவளிடம் காரணம் ஏதும் இல்லை. பையை மாட்டி முடித்தாள். அடிக்கடி காய்ச்சல் வந்தது. ஒரு காய்ச்சலில் கிருமி இரத்தத்தில் ஏறி, நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் அவர் மௌத்தாகிவிட்டார்.

அதன்பின் ஹனீன் வருவது குறைந்தது. வந்தாலும் குறை எதுவும் சொல்வதில்லை, தேவையானதைப் பேசிவிட்டுக் கிளம்புவாள். அம்மா வெட்டியாக வீட்டில் இருக்கக்கூடாதென்று சமூக மன்றத்தில் ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அங்கே வைஷாலி என்ற ஆசிரியை ஒருநாள் தண்ணீரோடு சேர்ந்து வரும் சொற்களைப் பலகையில் எழுதினாள். டேப் வாட்டர், ரன்னிங் வாட்டர், போர் வாட்டர் என்று வரிசை நீண்டது. ரஷீதா உற்சாகமாகக் கையைத் தூக்கி, “பாஸ் வாட்டர்!” என்றாள்.

வைஷாலி லேசாகச் சிரித்தாள். “மேசையில கேக்குறதுன்னா ‘பாஸ் த வாட்டர்’ அக்கா. அந்த ‘த’ முக்கியம். ‘பாஸ் வாட்டர்’னா வேற. ஒன்னுக்குப் போறது. ஆஸ்பத்திரியில அப்படித்தான் கேப்பாங்க.”

வகுப்பு சிரித்தது. ரஷீதா எழுந்து வெளியே போனாள். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கேயே உட்கார்ந்து ஹனீனுக்குப் போன் போட்டாள்.

ஹனீன் அன்றே வந்தாள். ரஷீதா நடந்ததை அப்படியே சொன்னாள். ஹனீன் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒரு போன் பண்ணி அர்த்தம் கேட்டிருக்கலாமேம்மா.”

“என்னன்னு கேக்க? எனக்குத்தான் தெரியுமே, தெரியும்னுதானே நெனச்சேன்.”

ஹனீன் அழத் தொடங்கினாள். அம்மாவின் கையைப் பிடித்து, “நான் அன்னைக்குத் தாழ்வாரத்துல பேசினது…” என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை.

“உன்னை விடு” என்றாள் ரஷீதா. “நான் அவசரப்படலடீ. அதை அவருகிட்ட சொல்லணும். நான் பக்கத்துலயே இருந்து தண்ணி குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவசரப்பட்டேன்னு நெனச்சே அவரு மன்னிச்சிட்டுல்ல போயிட்டாரு!”

ஹனீன் அன்று வீடு திரும்பவில்லை. இருவரும் சாப்பிடாமல் ஒரே பாயில் படுத்தார்கள்.