வண்டி வராத பக்கம்

ஆஸ்பத்திரி நடையில் பாயில் கிடந்தேன். கட்டில் காலி இல்லை. இடது பாதம் நசுங்கியிருந்தது. வலிக்கு முன்னால் புண்ணின் வாடைதான் தெரிந்தது.

நான் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூலி. சாலாக் செலாத்தான் ஸ்டேஷன் பக்கம் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்றில் வண்டி போகும், மற்றதில் வரும். நாங்கள் வேலை செய்த பாதையில் தெற்கிலிருந்து மட்டுமே வண்டி வரும். பல வருசமாகத் தெற்கே பார்த்துப் பழகிய கழுத்து.

சண்டையில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் ஒரு பாதையைப் பெயர்த்துச் சயாமில் ரயில் போடக் கொண்டுபோனான். மிஞ்சியதில் இரண்டு பக்கமும் வண்டி ஓடியது. மண்டோர் (கூலிகளின் மேஸ்திரி) காலையில் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்.

வண்டி வந்தால் எச்சரிக்க, அன்று கொடியும் விசிலும் என்னிடம். என் மனைவி செல்லம்மாவின் அண்ணன் ஆறுமுகம் தண்டவாளத்தில் சல்லிக்கல் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ளைக்கு லைன்லயும் உக்கார்ற வேலைதான்லா" என்றார்.

"பொண்ணு குடுத்தீங்கள்ல, தாங்கித்தான் ஆவணும் மச்சான்."

சிரித்தார். நான் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். வண்டி வடக்கிலிருந்து வந்தது. சல்லிச் சத்தத்தில் காதுக்கு எட்டவில்லை. பாய்ந்து மச்சானை இழுத்தேன். சட்டைத் துணிதான் கையில் வந்தது. அவர் வண்டிக்கு அடியில் போனார், என் பாதத்தின் மேல் சக்கரம் ஏறியது.

நடையில் கிடந்தபோது காலைவிட, செல்லம்மா கேட்கப்போகும் கேள்விக்குத்தான் பயந்தேன்.

நாலாம் நாள் கேங்கிரின் (சதை அழுகல்) என்றார்கள்.

"அண்ணே, முட்டிக்குக் கீழ எடுத்தாவணும். விட்டா உசுரு போயிரும்" என்றார் டிரெஸ்ஸர் (டாக்டருக்கு உதவியாளர்).

"எடுங்க."

"மருந்து கம்மிண்ணே. மயக்கம் பாதியில தெளிஞ்சிரும்."

தெளிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செல்லம்மா அண்ணன் காரியத்தை முடித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து நடந்தே வந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து ஊட்டுவாள். புதுக் கட்டுத்துணி கிடையாது. பழையதையே துவைத்துக் காயவைத்துக் கட்டுவாள்.

ஒருநாள் கட்டை அவிழ்த்தபடி கேட்டாள்.

"நீங்க எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"பழைய பக்கம்."

கை நின்றது. பிறகு துவைத்த துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இறுக்கவில்லை. அன்று கிழங்கை ஊட்டவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள்.

கால் எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன். புண் ஆறும். கட்டைக்கால் ஊன்றப் பழகிவிடும். போன பாதம் மட்டும் போகாது. அதன் விரல் இன்னும் அரிக்கிறது. கை சொறியப் போய் வெறும் பாயைத் தொடுகிறது.

எங்கள் வீடு லைனை ஒட்டியது. வண்டிச் சத்தம் கேட்கும் முன்பே அந்தப் பாதத்தில் அதிர்வு வந்துவிடும். நான் வடக்கே திரும்புவேன். என்னைப் பார்த்து, செல்லம்மாவும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வடக்கே திரும்புவாள். வண்டி கடந்து போன பிறகுதான் அதை மறுபடி எடுப்பாள்.